மஞ்சள் கடுதாசி

"ஓய், ஒரு மனுஷன் மஞ்சள் கடுதாசி கொடுத்திருந்தால் அந்த விவரத்தை எங்கே போய்ப் பார்க்கிறது?" என்று கேட்டுக்கொண்டே நண்பர் உள்ளே வந்தார். செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

நாற்பது வருஷப் பழக்கம். பேத்திக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார். பையனுக்குப் பெங்களூரில் உத்தியோகம். ஜாதகம் பொருந்திவிட்டது, அதைவிட முக்கியமாகப் பெண்ணுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. எல்லாம் கூடி வரும் நேரத்தில் யாரோ ஒருவர் போகிற போக்கில், "பையனுடைய தகப்பனார் ஒரு காலத்தில் ஐ.பி. கொடுத்தவர், தெரியுமோ?" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். நண்பருக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம். வாங்கிய கடனை அடைக்க வழியில்லாதவர் கோர்ட்டில் கொடுக்கும் இன்ஸால்வென்ஸி மனுவைத்தான் சுருக்கி ஐ.பி. என்றார்கள். கோர்ட்டு நோட்டீஸ் மஞ்சள் காகிதத்தில் வந்ததால் மஞ்சள் கடுதாசி என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். 'நொடித்துப் போனான்' என்று சொல்லும்போது அதில் கொஞ்சம் இரக்கம் இருக்கிறது. 'மஞ்சள் கடுதாசி கொடுத்தான்' என்னும்போது அது இல்லை. முதலாவது ஒருவனுக்கு நேர்ந்தது. இரண்டாவது அவன் செய்தது. நம் ஜனங்கள் சொற்களில் இவ்வளவு நுட்பமாகத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

பார்க்கும் இடம் ஒன்றும் பரம ரகசியமல்ல. சென்னை நகரவாசி என்றால் அவர் 1909-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் வருவார். ஹைகோர்ட்டிலும் அங்கே உள்ள அபிஷியல் அசைனி என்ற அதிகாரியின் ஆபீஸிலும் விசாரிக்க வேண்டும். வெளியூர்க்காரர் என்றால் 1920-ஆம் வருஷத்து மாகாண இன்ஸால்வென்ஸி சட்டம். ஜில்லாக் கோர்ட்டு, அல்லது அதன் கீழுள்ள சப் கோர்ட்டு. ஒவ்வொரு மனுவுக்கும் இந்த வருஷத்து இத்தனாவது ஐ.பி. என்று ஓர் எண் உண்டு. எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாவிட்டால் பெயரையும் உத்தேசமான வருஷத்தையும் வைத்துத் தேட வேண்டும். சமீப கால வழக்கானால் கோர்ட்டுகளின் கம்ப்யூட்டர் பதிவில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். பழைய கட்டானால் ரிக்கார்டு ரூம்தான் கதி. ஒருவர் நொடித்தவர் என்று கோர்ட்டு தீர்ப்புச் சொன்னால் அதை கெஜட்டில் பிரசுரிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே கெஜட்டின் பழைய தொகுதிகளிலும் பெயர் அகப்படும். நகல் வேண்டுமானால் ஸ்டாம்பு ஒட்டி மனுப் போட வேண்டும். வழக்கில் சம்பந்தமில்லாத மூன்றாம் மனிதர் கேட்டால் எதற்காகக் கேட்கிறார் என்று காரணமும் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் உமக்கு எப்படித் தெரியும் என்று நண்பர் கேட்கவில்லை. நாவல் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் வேறு. 1974-ல் நானே ஒரு சப் கோர்ட்டின் ரிக்கார்டு ரூமில், மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, இப்படி ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

காவிரிக் கரையில் எங்கள் ஊர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர் அவருக்கு உயிர் நண்பர். நான் அவரைக் கடை மாமா என்று கூப்பிடுவேன். தீபாவளிக்கு எனக்குச் சட்டைத் துணி கிழிக்கும்போது அரைக் கெஜம் கூடக் கிழிப்பார். எங்கள் பக்கத்தில் ஜவுளி வியாபாரம் என்பது கடன் வியாபாரம். குடியானவர்கள் அறுவடைக்குத் தருகிறேன் என்று எடுத்துப் போவார்கள், அறுவடையானதும் தருவார்கள். 1955 கடைசியில் தஞ்சை ஜில்லாவைப் புயல் அடித்தது. அந்த வருஷம் அறுவடைக்கு வயலில் ஒன்றும் இல்லை. கடையிலிருந்து போன துணி போனதுதான். மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பணமோ தலைக்கு மேல் நின்றது. கடை மாமா புரோநோட்டு எழுதி 3,000 ரூபாய் வாங்கினார். ஜாமீன் கையெழுத்து என் அப்பா.

1957-ல் கடை மாமா மஞ்சள் கடுதாசி கொடுத்தார். பணம் கொடுத்தவர் நேராக எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். இது சட்டத்தின் ஒரு விசித்திரம். கடன்பட்டவனை கோர்ட்டு முழுக்க விடுதலை செய்தாலும், அவனுக்காக ஜாமீன் நின்றவனை அந்த விடுதலை தொடாது. ஊரார் சிரித்தார்கள். எங்களுக்கு இருந்த நாலு மா நிலம் போயிற்று. அம்மாவின் வளையல் போயிற்று. அம்மா அழவில்லை. அந்த வீட்டுப் பெயரை இனி இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு கடை மாமா வேறொருவர் கடையில் கணக்கு எழுதினார். தெருவில் அப்பாவைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவார். இல்லாவிட்டால் ஏதாவது சந்தில் நுழைந்துவிடுவார். நாலைந்து தடவை இப்படி நடந்தது. பிறகு அப்பா கடைத்தெரு வழியாகப் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டு ஆற்றங்கரையோடு சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார். நானும் கூடவே நடக்க வேண்டும். வெயிலில் கால் சுடும். "ஏம்ப்பா இப்படிச் சுத்திண்டு போறோம்?" என்று ஒரு நாள் கேட்டேன். "அவனுக்கு அந்தத் தெருவிலேதாண்டா வேலை. எனக்கு எந்த வழியா போனா என்ன?" என்றார். நண்பர் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தான் அப்பா அப்படிச் சொல்கிறார் என்று வெகு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1965-ல், கடை மாமாவின் பெண்ணுக்கு வரன் வந்தது. பிள்ளை வீட்டார் விவரம் தெரிந்தவர்கள். கடன் கொடுத்தவர்களை விசாரிக்காமல், ஜாமீன் நின்ற வாத்தியார் வீடு எது என்று கேட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நான் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு வந்தவன் திண்ணையில்தான் இருந்தேன். அப்பா அவர்களுக்கு மோர் கொடுக்கச் சொன்னார். பிறகு, "கணக்கைச் சுத்தமா எழுதின மனுஷன். அந்த வீட்டிலே பெண் எடுக்கலாம்" என்றார். உள்ளே ஒரு பாத்திரம் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அது கை தவறி விழுந்த சத்தம் அல்ல.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எங்கள் நிலத்தை விழுங்கியவனுக்கு எங்கள் திண்ணையிலேயே நற்சாட்சிப் பத்திரமா? அந்தக் கோபம் அப்பா காலமான பிறகும் தீரவில்லை. அதுதான் என்னை 1974-ல் ரிக்கார்டு ரூமுக்கு இழுத்துப் போயிற்று. அந்த மனுஷன் எதை எதை மறைத்தான் என்று கண்டுபிடித்துவிட வேண்டும். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி. தெரிந்த வக்கீல் குமாஸ்தா ஒருவர் கட்டை எடுத்துக் கொடுத்தார்.

மனுவோடு இரண்டு ஜாபிதாக்கள் இருந்தன. ஒன்று சொத்து. கடைச் சரக்கு, மர பீரோ, வசூலாகாத பாக்கி. அந்தப் பாக்கிப் பட்டியல் மட்டும் பதினாறு பக்கம். ஒவ்வொரு குடியானவர் பெயரும், வேட்டி எத்தனை முழம் என்பது உட்பட. சட்டப்படி கோர்ட்டு எடுத்துக்கொள்ளக் கூடாதவை என்று சில உண்டு. உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியானால் அவன் கருவி, உழவனானால் ஏரும் மாடும் விதை நெல்லும், மத ஆசாரப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை. திருமாங்கல்யத்தை விட்டுவைக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்துச் சிவில் சட்டத்தில் எழுதி வைத்திருப்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மாமி கழுத்தில் எஞ்சியது அது ஒன்றுதான் என்று அந்தப் பட்டியலைப் பார்த்தால் தெரிந்தது.

மற்றது கடன் கொடுத்தவர்களின் ஜாபிதா. பதினொரு பெயர். கடைசிப் பெயர் அப்பாவுடையது. ஜாமீன் விஷயம் தனியாக இருந்தது. அதற்கும் கீழே, 'கைமாற்று, ரூ. 140, பத்திரம் கிடையாது' என்று ஒரு வரி. இந்த 140 ரூபாய் விஷயம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கே தெரியாது. துண்டுச் சீட்டுக்கூட இல்லாத கடன். எழுதாமல் விட்டிருந்தால் கேட்க ஆளில்லை. கடை மாமா எழுதியிருந்தார்.

அந்தக் கட்டில் வேறொன்றும் இருந்தது. கோர்ட்டு நோட்டீஸைப் பெற்றுக்கொண்டதற்கு அப்பாவின் கையெழுத்து. நோட்டீஸ் வந்தால், கடன் கொடுத்தவர் தம் கடனை கோர்ட்டில் ருசுப்படுத்த வேண்டும். அப்போதுதான் சொத்தை விற்று வரும் பணத்தில் பங்கு கிடைக்கும். ரூபாய்க்கு மூன்றணா வீதம் பங்கு போட்டிருந்தார்கள். பத்துப் பேர் ருசுப்படுத்தி வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஜாமீன் பணத்தைக் கட்டியவர் என்ற முறையில் அப்பாவும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எங்களுக்கு அது நானூறு, ஐந்நூறு ரூபாய் நஷ்டம்; அந்த நாளில் அம்மாவுக்கு மறுபடி இரண்டு வளையல். இதை அம்மாவிடம் நான் சொல்லவே இல்லை.

நண்பரின் கேள்வி எனக்கு இதையெல்லாம் கிளறிவிட்டது. சட்டம் ஒருவனைப் பார்த்து, நீ இனி இந்தக் கடனைக் கொடுக்க வேண்டியதில்லை என்று சொல்லலாமா? கொடுத்தவனைக் கேட்காமல் மன்னிப்பதற்குச் சட்டம் யார்? மன்னிப்பதானால் என் அப்பா மன்னிக்க வேண்டும். என் அம்மா மன்னிக்க வேண்டும். ஜட்ஜுக்கு அதில் என்ன நஷ்டம்?

நம்முடைய பழைய பதில் அரிச்சந்திரன். சொன்ன கடனுக்காக மனைவியையும் மகனையும் விற்றான், தன்னையும் விற்றுக்கொண்டான். அந்தக் கதையைக் கேட்டு அழாதவர் இல்லை. ஆனால் சற்று யோசியுங்கள். கடனுக்கு ஆளை விற்பது கதையோடு நிற்கவில்லை. அப்பன் பட்ட கடனுக்கு மகன் பண்ணையில் கிடந்தான், அவன் மகனும் கிடந்தான். கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-ல் சட்டம் போட வேண்டி வந்தது. அரிச்சந்திரனின் பெருமைக்கு விலை கொடுத்தவள் சந்திரமதி அல்லவா? கடன் என்றால் கடைசிச் சொட்டு வரை கொடுத்தே தீர வேண்டும் என்ற தர்மத்தை அப்படியே நிறைவேற்றினால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு அந்தக் கதையே சாட்சி.

மேல்நாட்டில் எழுத்தாளர்கள் இரண்டு பேரைப் பெருமையாகச் சொல்வார்கள். வால்டர் ஸ்காட் 1826-ல் சுமார் 1,20,000 பவுன் கடனில் மூழ்கினார். திவால் மனுக் கொடுக்க மாட்டேன், என் வலது கையால் எழுதியே அடைப்பேன் என்று உட்கார்ந்தார். எழுதி எழுதி 1832-ல் உயிரையே விட்டார். மிச்சக் கடனும் அவருடைய புத்தகங்களின் வருமானத்தால்தான் அடைந்தது. மார்க் ட்வைன் வைத்திருந்த பதிப்பகம் 1894-ல் விழுந்தது. சட்டம் அவரை விட்ட பிறகும் ஒரு காசு பாக்கியில்லாமல் தருவேன் என்று அறுபது வயதில் உலகத்தைச் சுற்றிப் பிரசங்கம் செய்தார். 1896-ல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் மேடையேறிச் சிரிக்க வைத்தது அந்தக் கடனுக்காகத்தான். 1898-க்குள் அடைத்துவிட்டார். எனக்கும் இவர்களிடம் மதிப்பு உண்டு. ஆனால் இவர்கள் கையில் பேனா இருந்தது. விழுந்த பிறகும் அது சம்பாதித்தது. புயலில் பாக்கி மூழ்கிப்போன ஜவுளிக்கடைக்காரர் எந்த மேடையில் ஏறுவார்? மகான்களின் ஒழுக்கத்தைக் கணக்குப்பிள்ளைக்குச் சட்டமாக்குவது எளிது. சம்பளம் 60 ரூபாய் வாங்குகிறவன் 3,000 ரூபாயை எத்தனை ஜன்மத்தில் அடைப்பான்?

1920-ஆம் வருஷத்துச் சட்டத்தை வக்கீல்கள் வறண்ட சட்டம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதில் மனுஷனைப் புரிந்துகொண்ட இடங்கள் இருக்கின்றன. பலர் நினைப்பதுபோல் மனுக் கொடுத்த அன்றைக்கே கடன் தீர்ந்துவிடாது. முதலில் மனு. 500 ரூபாய்க் கடன் இருந்தாலே தானாகக் கொடுக்கலாம். கடன் கொடுத்தவரும் இவன் மறைகிறான், சொத்தை ஒதுக்குகிறான் என்று காட்டி மனுப் போடலாம். கடன் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் சம்மதித்தால் இவ்வளவு தருகிறேன் என்று ஒரு ராஜி ஏற்பாட்டுக்கும் வழி உண்டு. கோர்ட்டு அதைப் பரிசீலித்து ஒப்புக்கொள்ளும். நொடித்தவர் என்று தீர்ப்பானால் சொத்தெல்லாம் ரிஸீவர் கைக்குப் போகும். மனுவுக்கு முந்தி இரண்டு வருஷத்துக்குள் மைத்துனன் பேருக்கு எழுதி வைத்த தானபத்திரமெல்லாம் செல்லாது. விடுதலை என்பது கடைசியில்தான். அதற்குத் தனியே மனுப் போட வேண்டும். அப்போது கோர்ட்டு கேட்கும் கேள்விகளைப் பாருங்கள். கணக்குப் புத்தகம் ஒழுங்காக வைத்திருந்தாயா? கொடுக்க முடியாது என்று தெரிந்துகொண்டே மேலும் கடன் வாங்கினாயா? சூதாடினாயா? தகுதிக்கு மீறி வாழ்ந்தாயா? ரூபாய்க்கு எட்டணாவாவது தேறுகிறதா? தேறாவிட்டால், அது உன் குற்றமா, உன்னை மீறியதா? நீதி சாஸ்திரம் கேட்க வேண்டிய கேள்விகளைத்தான் ஒரு சப் ஜட்ஜ் கேட்கிறார். மோசடியால் பட்ட கடனுக்கு இந்த விடுதலை கிடையாது. சென்னையில் 1906-ல் அர்பத்னாட் கம்பெனி முறிந்து எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போயிற்றே, அதன் தலைவருக்குக் கிடைத்தது 18 மாதக் கடுங்காவல். ஏமாற்றியவனையும் விழுந்தவனையும் சட்டம் பிரித்துப் பார்க்கிறது. கடனைக் கட்ட வழியே இல்லாத ஏழையைச் சிறையில் போடக் கூடாது என்று 1980-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் சுப்ரீம் கோர்ட்டில் எழுதினார். ஊர்தான் பிரித்துப் பார்ப்பதில்லை. தமிழில் 'கடன்காரன்' என்ற வார்த்தையே கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் பொது. மஞ்சள் கடுதாசி கொடுத்தவன் என்ற பேரும் அப்படியே யோக்கியனுக்கும் அயோக்கியனுக்கும் பொதுவாகிவிட்டது.

சட்டத்தில் எனக்கு ஆறாத குறை ஒன்று உண்டு. அது ஜாமீன்தாரர். 2016-ல் புதிய திவால் சட்டம் வந்தது. வருஷ வருமானம் 60,000 ரூபாய்க்கு மேற்படாத, சொந்த வீடில்லாத, 35,000 ரூபாய்க்குள் கடன்பட்ட ஏழைக்குப் புதிய வாழ்வு தருவதாக அதில் ஓர் அத்தியாயமே அச்சாகியிருக்கிறது. 2019 டிசம்பர் 1-ல் தனி மனிதருக்கான பகுதி அமலுக்கு வந்தபோது, வந்தது கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும். பெரிய கடனுக்கு ஜாமீன் நின்ற முதலாளிக்குத் தனி வாசல் திறந்தது. புரோநோட்டில் கையெழுத்துப் போட்ட வாத்தியாருக்கு அது திறக்கவில்லை. விழுந்தவனைத் தூக்குவது நியாயம். ஆனால் தூக்குகிற செலவை ஊரார் எல்லாரும் பங்கு போடாமல், அவனை நம்பிய ஒரே ஒருவன் தலையில் வைப்பது என்ன நியாயம்? கடன் கொடுத்தவர் வட்டியில் அதற்குச் சேர்த்து வாங்கியிருப்பார். என் அப்பாவுக்கு அந்தக் கையெழுத்தால் கிடைக்கக் கூடிய லாபம் ஒரு காசு இல்லை.

கடை மாமா கட்டின வரையில் அந்த ரிக்கார்டு எனக்கு ஒரு நன்மை செய்தது. ஓவியர் ரெம்பிராண்ட் 1656-ல் நொடித்துப் போனபோது ஆம்ஸ்டர்டாம் அதிகாரிகள் வீட்டுக்குள் புகுந்து 363 இனங்களைப் பட்டியல் எடுத்தார்கள். அவமானத்துக்காக எழுதிய அந்தப் பட்டியலை இன்றைக்குக் கலை ஆராய்ச்சிக்காரர்கள் பொக்கிஷம்போல் வைத்துப் படிக்கிறார்கள். 140 ரூபாய் என்ற அந்த ஒரு வரி எனக்கு அப்படித்தான். 1965-ல் அப்பா சொன்ன வாக்கியத்துக்கு அர்த்தம் அதில் இருந்தது. நோட்டீஸோடு வந்த ஜாபிதாவை அவர் 1957-லேயே படித்திருந்தார்.

அதற்காக அம்மா சொன்னது தப்பு என்று நான் எழுத மாட்டேன். நிலம் போனது நிஜம். வளையல் போனது நிஜம். அவளைக் கேட்டுக்கொண்டு யாரும் கையெழுத்துப் போடவில்லை. அப்பாவின் பெருந்தன்மைக்கும் விலை கொடுத்தவள் அவள்தான். சந்திரமதியை நினைத்துக்கொண்ட நான் என் வீட்டுச் சமையலறையை நினைக்காமல் இருக்க முடியுமா?

இவ்வளவையும் நண்பரிடம் சொன்னேன். காபி ஆறிப்போயிற்று. "அப்படியானால் நான் என்னதான் செய்ய வேண்டும்? நகல் வாங்கட்டுமா, வேண்டாமா?" என்றார்.

"வாங்கும். வாங்கினால், விடுதலை உத்தரவு இருக்கிறதா, கணக்கைப் பற்றி கோர்ட்டு என்ன சொல்லியிருக்கிறது என்று இரண்டையும் பாரும். அதோடு, அந்த மனுஷனுக்கு யார் ஜாமீன் நின்றார் என்று பார்த்து, அந்த வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாரும்" என்றேன்.

"போனால் உள்ளதைச் சொல்வார்களா?"

எங்கள் வீட்டுக்கு அன்று வந்தவர்களுக்குப் பதில் சொன்னது அப்பா. அம்மா வாசலுக்கு வந்திருந்தால் அந்தக் கல்யாணம் நடந்திருக்காது. அவள் சொல்லியிருக்கக் கூடியதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யாகவும் இருந்திருக்காது. இதை நண்பரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வாரும், அவரையும் அவர் சம்சாரத்தையும்" என்று மட்டும் சொன்னேன்.

நேற்றுத்தான் விலாசம் கிடைத்ததாம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஏதோ கிராமம். வெள்ளிக்கிழமை போகிறார். துணைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார்.